நின்றால் பாவாடை

பதிவறைக்காரிக்கு ஏணிதான் உத்தியோகம். அலமாரிக்கு ஒன்பது தட்டு. அவசரமாகக் கேட்கும் கோப்பு எப்போதும் ஒன்பதாவதில்தான் இருக்கும். போன மாதம் பாவாடை விளிம்பை மிதித்து ஐந்தாம் படியிலிருந்து விழுந்ததில் முழங்காலில் நாலு தையல். அதன் பிறகுதான் அந்தக் குட்டைப் பலாசோவை வாங்கினாள். பார்வைக்குப் பாவாடை, உள்ளே இரண்டு கால், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும்.

மேலாளர் சுற்றறிக்கை எழுதவே பிறந்தவர். தண்ணீர்க் குழாயை மூடச் சொல்லவே மூன்று பத்தி எழுதியவர். பெண் ஊழியர்கள் கால்சட்டை அணியலாகாது என்பதும் அன்னாரது கைவண்ணம்.

"ஏம்மா, இது பாவாடையா, பேன்ட்டா?"

"நின்னா பாவாடை சார், நடந்தா பேன்ட்."

கிண்டலாகத்தான் சொன்னாள். கிண்டல் அவருக்கு எட்டாத தட்டு. சாயங்காலமே உத்தரவு வந்தது: 'மேற்படி உடை நிற்கும் நிலையில் பாவாடையாகவும், நடக்கும் நிலையில் கால்சட்டையாகவும் கருதப்படும். முன்னதற்கு மட்டுமே அனுமதி. மீறினால் பதிவறைப் பொறுப்பு பறிக்கப்படும்.'

பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த அறை.

"பேசாம பாவாடைக்கே மாறிடுடி, எதுக்கு வம்பு?" என்றாள் தட்டச்சு அக்கா.

"இன்னொரு தையலுக்கு முழங்கால்ல இடமில்லக்கா. நிக்கலாம்னுதானே போட்டிருக்கு? நிக்கிறேன்."

மறுநாள் பாவாடையில் வந்து, பதிவறைக்குள் பலாசோவுக்கு மாறி, சன்னலோரம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்கு மேலாளர் வியர்த்து ஓடி வந்தார். "தலைமை அலுவலகத்து மேடம் வந்து உக்காந்திருக்காங்க! கட்டடக் கோப்பை எடும்மா!"

"ஒன்பதாவது தட்டு சார். நான் நகந்தா பேன்ட் ஆயிடும்."

"விளையாடுறியா?"

"உங்க கையெழுத்து சார்."

விறைத்துக்கொண்டு தாமே ஏறினார். உடம்போடு ஒட்டித் தைத்த மிடுக்கான கால்சட்டை; நாலாம் படியில் முழங்கால் மடங்க மறுத்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. ஏணி ஆடியது.

"ஐயோ, ஏணியைப் பிடிம்மா!"

"ரெண்டடி நடக்கணுமே சார்."

"நட! தாராளமா நட!"

"வாய்வார்த்தை செல்லாதுன்னு நீங்கதானே சார் சுற்றறிக்கை விட்டீங்க?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த தட்டச்சு அக்கா, சிரிப்பை அடக்கியபடி ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாளையும் பேனாவையும் நீட்டினாள். அலமாரியோடு அலமாரியாக ஒட்டிக்கொண்டு, மேலாளர் தம் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உத்தரவை எழுதினார்: 'நடக்கலாம்.'

அக்கா அதை எட்டிக் கொடுத்தாள். பதிவறைக்காரி நிதானமாகப் படித்தாள்.

"தேதி போடலியே சார்?"