பின்பாரம்

எஸ்டேட் ஜீப் அச்சு முறிந்து கிடந்தது. லாரி போடிக்குப் போயிருந்தது. ஏலக்காட்டில் களையெடுத்தபோது பாம்பு தீண்டிய மகள் குருவம்மாளைச் சக்குபள்ளத்திலிருந்து குமுளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சுடலைக்கு மிச்சமிருந்தது மேனேஜரின் இத்தாலிக் கார் ஒன்றுதான். தரையோடு தவளை மாதிரி ஒட்டிக்கிடக்கும். ரெண்டே சீட்டு.

உலகத்தில் வேகக் கார் செய்கிறவனெல்லாம் இதைப் பார்த்துத்தான் எஞ்சினைப் பின்னால் தூக்கி வைத்தான் என்று மேனேஜர் பீற்றுவார். "மாட்டக் கொண்டுபோயி வண்டிக்குப் பின்னால பூட்டுனவன் புத்திசாலியாக்கும்!" என்பான் லாரி ஓட்டிக் கிழவனான சுடலை.

மேனேஜருக்குக் கையில் மாவுக்கட்டு. சாவியைக் கொடுத்தார்.

"சுடலை, வளைவுல ஆக்சிலேட்டர மிதிச்ச கால எடுக்கக் கூடாது. எடுத்தா பின்பாரம் வண்டியச் சுத்திப்புடும். கேட்டியா?"

"மலையில வண்டி ஓட்ட எனக்கே சொல்லித் தாரீகளோ?"

முதல் வளைவுகளில் உருட்டிக்கொண்டே போனான். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது பிடிக்கவில்லை.

"எப்பா, ரோடு ரெண்டா தெரியுது" என்றாள் குருவம்மாள். இமை பாதி இறங்கியிருந்தது.

மிதித்தான். கார் பறந்தது. அடுத்த வளைவு எதிரே வந்ததும் கால் தானாக எழுந்துகொண்டது. ஆயுசெல்லாம் லாரி ஓட்டிய கால், யார் பேச்சைக் கேட்கும்? வால் விசிறியது. மலை ஒரு சுற்றுச் சுற்றியது. எஞ்சின் அடங்கியபோது காரின் முகம் ரோட்டில் இருந்தது. பின்சக்கரங்கள் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். காரின் மூக்கு எழும்பியது. காலை உள்ளே இழுத்துக்கொண்டான், மூக்கு இறங்கியது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த எஞ்சினுக்கு எதிர்ப்பாரம் அவர்கள் ரெண்டு பேரும்தான்.

"ஆராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினான். ஏலக்காடு சும்மா நின்றது.

"எப்பா, வந்துட்டமா?"

"வந்துட்டம் தாயி. அசையாத."

அவள் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சுடலை ஸ்டியரிங் மேல் நெஞ்சை அழுத்திக் கவிழ்ந்தான். ஒரு கையை நீட்டி, மகளின் கொண்டையைப் பிடித்து, அவள் தலையை முன்னால் இழுத்தான். மூக்கு விரற்கடை இறங்கியது. பிடித்தபடியே இருந்தான்.