கறுப்புப் பட்டை

டைல்ஸ் போடும் வேலையில் இருந்தவரை அவரை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் குமிழிக் கருவி எந்நேரமும் அவர் கையில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்தை.

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் தரை போட்டவர், சொந்த வீட்டில் வெடித்த சிமெண்டுத் தரையிலேயே குடித்தனம் நடத்தினார். வேலையை விட்ட பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. வீடு முழுக்கப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் போட்டார். ஒவ்வொரு கதவடியிலும் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்தார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு டீச்சர், அவருக்கும் டீச்சர்தான். ஐந்து வருஷமாக அவளுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கமும் நடையின் மந்தமும் இருவருக்கும் பழகிப்போயிருந்தன. மாத்திரையை மணி தவறாமல் எடுத்துக் கொடுப்பார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நோய் கண் பார்க்கிற விதத்தையும் மாற்றும் என்று மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

புதுத் தரை போட்ட வாரமே தொல்லை ஆரம்பித்தது. டீச்சர் சமையலறைக் கதவு வரைக்கும் வந்து, பட்டைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"என்ன டீச்சர், பஸ்ஸுக்கா நிக்கறே?"

"இங்க பள்ளமா இருக்குங்க."

யாரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டாள்! விறுவிறுவென்று போய் ரசமட்டத்தை எடுத்துவந்து பட்டையின் மேல் வைத்தார். குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது.

"பாரு. மயிரிழைகூட நகரல."

அவள் குனிந்து பார்த்தாள். "மட்டம்தான். எனக்கும் புரியுது. கால்தான் நம்ப மாட்டேங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. ஊரே மெச்சிய வேலையைப் பெண்டாட்டி பள்ளம் என்கிறாளே! நாலு மாதத்தில் அவள் இப்படி எத்தனையோ சொன்னாள். காய்ந்த தரையில் தண்ணீர் கிடக்கிறது என்று ஒதுங்கினாள். நாற்காலியில் கிடந்த துண்டைப் பூனை என்று விரட்டிவிட்டு, கிட்டே போய்ப் பார்த்து அவளே சிரித்தாள். வெள்ளைத் தட்டில் வைத்த வெள்ளைக் கோப்பையில் டீ ஊற்றினால் பாதி தட்டுக்குப் போனது. கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது, புரை எதுவும் இல்லை என்றார். தரைமேல் பொறாமை என்று ரசமட்டம் முடிவு கட்டினார். தரைமேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று அவர் யோசிக்கவில்லை.

வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். "எங்க வீட்டுக்குள்ள டீச்சர் கிணறு வெட்டி வெச்சிருக்காங்க. பாத்து நடங்க, விழுந்துடாதீங்க!" எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் கூடவே சிரித்தாள். பிறகு யாரும் பார்க்காதபோது சுவரைத் தடவிக்கொண்டு கதவடி வரைக்கும் போய், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் காலை கட்டிடக் கான்டிராக்டர் ஒருவர் யோசனை கேட்பதற்காக அவரைக் கூப்பிட்டிருந்தார். வெகுநாள் கழித்து வந்த அழைப்பு. சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றவருக்கு டீச்சரைச் சமையலறை மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அவளோ பட்டைக்கு முன்னால் ஆணியடித்தாற்போல நின்றாள்.

"வா."

"கொஞ்சம் இருங்க."

"எவ்ளோ நேரம்? நான்தான் பிடிச்சிருக்கேன்ல, வா!"

மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழு. உடம்பு வந்தது, கால் வரவில்லை. அவர் போட்ட தரையிலேயே அவள் குப்புற விழுந்தாள். அவர் பிடித்து இழுத்த அதே கை உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டார்.

"கால் தடுக்கி, அவளா விழுந்துட்டா." வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டீச்சர் அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஆமா சார்" என்றாள்.

அந்த "ஆமா" அவரைத் தூங்கவிடவில்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியாவது தொலைத்திருப்பார்.

மகள் வந்தாள். அதே பொய்யை அவளிடமும் சொன்னார். அவள் அம்மாவிடம் பாய்ந்தாள். "வாக்கர் வாங்கிக் குடுத்தா தொடறதில்ல. சொன்ன பேச்சு ஒண்ணும் கேக்கறதில்ல. உன் பிடிவாதத்துக்கு அப்பா வயசான காலத்துல அல்லாடணுமா? என்கூட வந்து இரு." டீச்சர் இந்த வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிவந்தவள். இப்போது கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

உண்மையைச் சொன்னால் மகள் நிச்சயம் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். சொல்லாவிட்டால் டீச்சர் பிடிவாதக்காரி என்ற பெயரோடு போவாள். இரண்டில் எதுவானாலும் தனக்கு என்ன ஆகும் என்றுதான் அவர் மனம் முதலில் கணக்குப் போட்டது. அதை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

டீச்சர் மகளோடு புறப்படும் நாளன்று காலை பிசியோதெரபி பார்க்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். டீச்சரை நடக்கவைத்துப் பார்த்தாள். சமையலறைக் கதவடியில் கால் நின்றதும், டீச்சரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"இதை யார் போட்டது?"

"ஒரு மேஸ்திரி" என்றார் ரசமட்டம்.

"நல்ல மேஸ்திரிம்மா. வேலை சுத்தம்" என்றாள் டீச்சர்.

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த நோய் வந்தவங்க நிறைய பேருக்கு ஆழம் சரியா தெரியாது. வெள்ளை மேல வெள்ளை இருந்தா பிரிச்சுப் பாக்க முடியாது. சிலருக்கு மெல்லிசா கோடு போட்டா கால் எடுக்கறதுக்கு அது உதவும். ஆனா இவ்ளோ அகலமா, கறுப்பா இருந்தா அவங்களுக்கு அது குழிதான். இல்லன்னு அறிவு சொல்லும், கண்ணு கேக்காது. அப்ப அவசரப்படுத்தவே கூடாது. முக்கியமா கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. யாராவது இழுத்தீங்களா?"

மகள் அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இழுத்தேன்" என்றார்.

மகள் நிமிர்ந்தாள்.

"அவ தடுக்கி விழல. நான்தான் இழுத்து விழவெச்சேன். இந்தத் தரையைப் போட்டதும் நான்தான். பள்ளம் பள்ளம்னு நாலு மாசமா சொன்னா. வர்றவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லிச் சிரிச்சேன். டாக்டர்கிட்டயும் பொய், உன்கிட்டயும் பொய்."

மகள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கம்மா, உன்னைப் போய்த் திட்டினேனே" என்று அழுதாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. பிசியோதெரபி பெண் எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

"கிளம்பலாம்மா."

டீச்சர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்திருந்தார், வெட்கமில்லாமல்.

தெருவாசலிலும் அதே பட்டை. டீச்சர் அங்கே வந்து நின்றாள். வெளியே கார் காத்திருந்தது. மகள், "வாம்மா, நான் இருக்கேன்ல" என்று நல்ல கையைப் பிடித்தாள்.

"இழுக்காதே!"

அவர் போட்ட சத்தத்தில் மகள் கையை விட்டுவிட்டாள். ரசமட்டம் பின்கட்டுக்கு ஓடி, வேலைப் பெட்டியிலிருந்து வெள்ளைக் காகித டேப்பை எடுத்துவந்தார். பெயிண்ட் படாமலிருக்க ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்த டேப். மண்டியிட்டு உட்கார்ந்து கறுப்புப் பட்டையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒட்டினார். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கறுப்பு துளிகூடத் தெரியாதபடி. தானே பாலிஷ் போட்டு மினுக்கிய கிரானைட். முழங்கால் வலித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒட்டி முடித்து நகர்ந்து நின்றார்.

டீச்சர் தரையைப் பார்த்தாள். வலது காலை எடுத்து வைத்தாள். பிறகு இடது கால். சுவரைத் தொடாமல், யார் கையையும் பிடிக்காமல் வாசலைத் தாண்டிவிட்டாள். நாலு மாதமாக அவர் பார்க்காத நடை.

காரில் ஏறும் முன் திரும்பி, வெளுத்துக் கிடந்த வாசலையும் அவர் கையிலிருந்த டேப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவ்ளோதாங்களா வேலை?"

"இவ்ளோதான் டீச்சர். பத்து நிமிஷம்" என்றார்.