இருபத்திரண்டாவது தலை

பதினான்கு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். விசில் அக்கா கதவுப் படியை ஒட்டித் தரையில் குந்தியிருந்தாள். கதவின் கொண்டி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு கை எப்போதும் அதன் மேல்தான். மடியில் ஒருவன். முதுகில் சாய்ந்தபடி ஒருத்தி. காலடியில் தண்ணீர்க் குப்பிகள் வளைவுக்கு வளைவு உருண்டன.

"அக்கா, இவன் என் மேல துப்புறான்."

"துப்பலக்கா, தும்முனேன்."

"ரெண்டும் வேணாம். வாயை மூடிக்கிட்டுத் தும்மு."

"வாயை மூடுனா மூக்கு வழியா வருமே?"

வேன் முழுக்கச் சிரித்தது. டிரைவர் அண்ணனும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் விசில் அக்கா. வேன் போய்ச் சேரும் பள்ளியில், வகுப்பு நடக்கும் மாதங்களில் அவள் பாலர் வகுப்பு உதவியாளர். விடுமுறை இரண்டு மாதமும் சம்பளம் கிடையாது. அந்த இரண்டு மாதம் பள்ளி நடத்தும் கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால்தான் சாப்பாடும், அடுத்த வருட வேலையும். ஐந்து வருடமாக இப்படித்தான். "இந்தத் தடவையாவது உன்ன நிரந்தரம் பண்ணுவாங்களா?" என்று அண்ணி இன்று காலையும் கேட்டாள். குத்திக் காட்டுவதற்காக அல்ல. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் அது அடிக்கடி வருகிற கேள்வி.

போன வருடம் வரை வேனில் ஓர் ஆயாம்மா வந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது மட்டும்தான் அவள் வேலை. இந்த வருடம் அவளை நிறுத்திவிட்டார்கள். விசில் அக்கா மூன்று முறை நிர்வாகி மேடத்திடம் கேட்டாள். "வேன்ல நீ சும்மாதானே உக்காந்து வர்ற?" என்று மூன்று முறையும் பதில் வந்தது. தினமும் எழுதி வைக்கும் முகாம் நோட்டிலும் எழுதினாள்: 'வேனுக்கு ஒரு ஆள் வேண்டும். தனியாக இறக்க முடியவில்லை.'

கடைசி நிறுத்தத்தைத் தாண்டியதும் எண்ணினாள். இருபத்திரண்டு. பின் இருக்கையின் மூலையில் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலரை வயது. முகாமிலேயே ஆகச் சின்னது அவள்தான். முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவள். அவளுடைய அம்மா கடையில் பில் போடுகிறவள், ஏழு மணிக்கே கடை திறக்க வேண்டும். அதனால் அரைத் தூக்கத்தில் தூக்கி வந்து வேனில் போட்டுவிட்டு ஓடுவாள். தினமும் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு விசில் அக்கா பின்னால் போய்ப் பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவாள்.

இன்றைக்கு வேன் வாசலுக்குள் நுழையும்போதே மேடம் கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். பக்கத்தில் முக்காலி மேல் கேமரா. பள்ளிக்கு விளம்பரப் படம் எடுக்க ஆள் வந்திருந்தது.

"கதவைத் திற! பசங்க அப்படியே குதிச்சு ஓடி வரட்டும். சிரிச்சுக்கிட்டே!"

விசில் அக்கா கதவைத் திறந்து, இறங்குகிற ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்பது வரை எண்ணினாள். ஒலிபெருக்கி மறுபடி அலறியது. பிள்ளைகள் இரண்டு மூன்றாகக் கத்திக்கொண்டு குதித்தார்கள். எண்ணிக்கை கைவிட்டுப் போனது. அவள் திரும்பி வேனுக்குள் காலை வைத்தாள்.

"ஏய், நீ எங்க போற? பசங்க ரோட்டுப் பக்கம் ஓடுறாங்க பாரு!"

"ஒரு தடவை உள்ள பாத்துட்டு வந்துடுறேன் மேடம்."

"அதை டிரைவர் பாத்துப்பார். வா இங்க!"

அவள் ஓடினாள். அதே நேரத்தில் கேமராக்காரர் மரத்தடியில் நின்ற வேனைக் காட்டி ஏதோ சொன்னார். மேடம் டிரைவர் அண்ணனைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வண்டிய எடுங்க, படத்துல அசிங்கமாத் தெரியுது. பின் மதிலோரம் போட்டுட்டு, கடைத்தெருவுல ஸ்பீக்கர் சொல்லி வெச்சிருக்கேன், நடந்து போய் வாங்கிட்டு வந்துடுங்க." அவர் வேனை நிழலிலிருந்து எடுத்து, மதிலுக்குப் பின்னால் வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூடத்தில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். நடந்து வருகிறவர்கள், அப்பாமார் பைக்கில் கொண்டுவந்து விடுகிறவர்கள், வேன் பிள்ளைகள் எல்லாரும் கலந்து வரிசை கட்டி நின்றார்கள். பாட்டு ஓடியது. நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது. விசில் அக்கா முன்னால் நின்று கையைத் தூக்கி ஆடிக் காட்டியபடியே தலைகளை எண்ணினாள். ஆடுகிற தலைகளை எண்ணவே முடியவில்லை. கையிலிருந்த பெயர்த் தாளைப் பார்த்து வேன் பிள்ளைகளை மட்டும் தேடினாள். இருபத்தொன்று. மறுபடி தேடினாள். இருபத்தொன்று.

"மேடம், ஒரு நிமிஷம்..."

"ஷாட் முடியட்டும்."

காலையில் தும்மியவன் முதல் வரிசையில் நின்றான். அவனிடம் குனிந்தாள். "பட்டாணி எங்கடா?"

"அவ தூங்குறா."

"எங்க?"

"வேன்லதான்," என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்பது போல.

அவள் கேமராவின் குறுக்கே ஓடினாள். "கட்! கட்!" என்று யாரோ கத்தினார்கள். மைதானத்தைத் தாண்டி, கழிப்பறைகளைத் தாண்டி, மதிலைச் சுற்றி ஓடினாள். வேன் தகரம் தொட்ட கையைச் சுட்டது. கதவு பூட்டியிருந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தாள். பட்டாணி இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே சுருண்டு கிடந்தாள். எழுந்து வந்து கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியின் உள்பக்கம் சின்னச் சின்னக் கைத் தடங்கள்.

மதிலோரம் கிடந்த செங்கல்லால் முன் கதவுக் கண்ணாடியை அடித்தாள். இரண்டாவது அடியில் உடைந்தது. கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கும்போது முழங்கைக்குக் கீழே தோல் கிழிந்ததை அவள் உணரவில்லை. பிள்ளையைத் தூக்கினாள். முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. முகம் செக்கச்செவேல். கண் பாதி திறந்திருந்தும் பார்வை எதிலும் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு ஓடிப் பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தலையிலும் நெஞ்சிலும் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாள். "பட்டாணி... தங்கம்... அக்காவைப் பாரு, அக்காவைப் பாருடி..."

பட்டாணி அவள் தோளில் வாந்தி எடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் விசில் அக்கா குழாயை மூடினாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் வந்து சேர்ந்தார். முதலில் வேனைப் பார்த்தார்.

"கண்ணாடிய யாரு உடைச்சது?"

அதே தெருவில் இருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் விசில் அக்காதான். டாக்டர் பிள்ளைக்கு மருந்தேற்றிவிட்டு, இவள் கையைத் துடைத்துக் கட்டினார். "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா என்கிட்ட கொண்டுவந்து பிரயோஜனமே இல்ல," என்றார். அதைக் கேட்க அப்போது மேடம் அங்கே இல்லை.

பதினொன்றரை மணிக்குப் பட்டாணியின் அம்மா கடைச் சீருடையோடு, டாக்டரிடமிருந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்கு வந்து சேர்ந்தாள். நெஞ்சில் கடையின் அடையாள அட்டை அப்படியே குத்தியிருந்தது. மேடம் போனிலேயே அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். நேராக விசில் அக்காவிடம் வந்தாள்.

"உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? என் புள்ள உள்ள வெந்துக்கிட்டு இருக்கா, நீ போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னியா?"

விசில் அக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் மேசையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "எங்க போனெல்லாம் காலைல வந்ததும் ஆபீஸ்ல வாங்கி வெச்சுப்பாங்க. இன்னைக்கு கேமராக்காரங்க வர்றாங்கன்னு நேத்தே வாங்கி வெச்சுட்டாங்க. என் போன் அந்தா, அந்த டப்பாவுலதான் இருக்கு. நேத்து சாயங்காலத்துல இருந்து."

அலமாரியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அம்மா அதைப் பார்த்தாள். உள்ளே ஆறேழு போன்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதம் சுற்றி இருந்தது. அவள் முகத்திலிருந்த கோபம் போக வழி தெரியாமல் அப்படியே நின்றது.

"நோட்டுலயும் எழுதியிருக்கேன்," என்றாள் விசில் அக்கா. "வேனுக்கு ஆள் வேணும்னு. எடுத்துப் பாருங்க."

மேடம் நோட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். அந்த வாரப் பக்கம் இல்லை. தையல் நூலில் காகிதத்தின் கிழிசல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவருகில் நின்ற டிரைவர் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. வேனை எடுக்கச் சொன்னது யாரு?" அவர் வாயைத் திறந்தார். மேடம் பேனாவை மேசை மேல் வைத்தார், சத்தம்கூட வரவில்லை. "எனக்கு... நான் ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தேம்மா," என்றார் அவர்.

"நடந்தது நடந்துபோச்சு," என்றார் மேடம் அம்மாவிடம். "தப்பு பண்ணினவங்க மேல நடவடிக்கை எடுத்தாச்சு. இந்த விஷயம் வெளிய போனா முகாமையே மூட வேண்டி வரும். அப்புறம் இத்தனை பேரும் பிள்ளைங்கள எங்க கொண்டு விடுவாங்க? உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அம்மா டப்பாவைப் பார்த்தாள். விசில் அக்காவின் கைக்கட்டைப் பார்த்தாள். மருந்து வாடையோடு தோளில் தூங்கிய மகளின் முதுகைத் தடவினாள்.

"இன்னைக்கு வந்ததுக்கே அரை நாள் போச்சு. நாளைக்கு லீவு கேட்டா வேலையே போயிடும்," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "எங்க விடுவேன் இவள?"

மேடம் ஒரு தாளை நகர்த்தினார். புகார் எதுவும் இல்லை என்று அதில் அடித்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே போகும்போது விசில் அக்காவின் பக்கம் வந்து ஒரு கணம் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது தாள் விசில் அக்காவுக்கு. 'என் கவனக்குறைவால் குழந்தை வேனில் விடப்பட்டது. பதற்றத்தில் பள்ளியின் சொத்தையும் சேதப்படுத்தினேன். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்.'

"போட்டுட்டுப் போ. நல்லபடியா வேலை பாத்தேன்னு சர்டிபிகேட் தர்றேன். இல்லேன்னா வேற எந்த ஸ்கூல்லயும் சேர முடியாது. அண்ணன் வீட்டுல தானே இருக்க? யோசிச்சுக்கோ."

விசில் அக்கா பேனாவை எடுத்தாள். அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கட்டுப் போட்ட கையால் கோணல் மாணலாக எழுதத் தொடங்கினாள். வேனில் எத்தனை பேர், எத்தனை மணி, ஒலிபெருக்கியில் யார் என்ன சொன்னார்கள், வேனை யார் நகர்த்தச் சொன்னார்கள். பக்கம் நிறைந்ததும் கீழே முழுப் பெயரையும் எழுதினாள்.

"நான் இதுலதான் கையெழுத்துப் போடுவேன் மேடம். அந்தப் புள்ளை கண்ணாடியத் தட்டியிருக்கா. கைத் தடம் இருந்துச்சு. நான் அதைப் பாத்தேன்."

மேடம் படித்தார். நிதானமாக நான்காகக் கிழித்தார். பிறகு கிளார்க் பெண்ணைக் கூப்பிட்டார். "இவளோட போனைக் கொடுத்தனுப்பு. டி-ஷர்ட்டை வாங்கிக்கோ. அது முகாமோடது."

"இப்பவேவா மேடம்? மாத்துத் துணி எடுத்துட்டு வந்திருக்க மாட்டாங்களே."

"இப்பவே."

கழிப்பறையில் விசில் அக்கா டி-ஷர்ட்டைக் கழற்றினாள். தோளில் வாந்தி காய்ந்திருந்தது. சட்டையின் வலது கையில் ரத்தம். கிளார்க் பெண் அலைந்து திரிந்து, நாடகப் பெட்டியிலிருந்து ஒரு பச்சை அங்கியைக் கொண்டுவந்து கதவின் மேலாகப் போட்டாள். பிள்ளைகள் மரமாக வேஷம் போடும் அங்கி, துணி இலைகள் தைத்தது. "வேற ஒண்ணும் கிடைக்கலக்கா, மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

வெளியே நடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். மடியில் சான்றிதழ் பை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து காலையிலேயே போன் போட்டு வரவழைத்திருந்தார்கள். கிளார்க் பெண் டி-ஷர்ட்டை அவளிடம் கொடுத்தாள். அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டு, இலை அங்கியில் வந்தவளையும் பார்த்தாள்.

"வேன்லயும் நீதான் வருவே," என்றாள் விசில் அக்கா. "எல்லாரும் இறங்கினதும் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பாரு. யார் கூப்பிட்டாலும் சரி, போய்ப் பாத்துட்டு அப்புறமா இறங்கு. மறந்துடாத."

"சரிங்கக்கா."

மைதானத்திலிருந்து ஒலிபெருக்கி கூப்பிட்டது. ஷாட்டுக்கு ஆள் குறைகிறதாம். அந்தப் பெண் பையை விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். சோப்பு இல்லை. வெறும் தண்ணீரில் டி-ஷர்ட்டின் தோளையும் கையையும் கசக்கிப் பிழிந்தாள். கழிப்பறைக்குள் போய், சொட்டச் சொட்ட அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.

கேமராக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அந்தக் கையை மட்டும் உள்ள மடிச்சு விட்டுக்கோம்மா. கறை தெரியுது."

அவள் மடித்து விட்டுக்கொண்டாள். மேடம் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.