முதல் வாய் தோமாவுக்கு

எவாரிஸ்தோ கிழவர் யாரையும் நம்பமாட்டார். கறிக்கடைத் தராசை நம்பமாட்டார், வானொலி சொல்லும் மழையை நம்பமாட்டார். தந்தில் ஊர்க் கல்குவாரியில் வெடி வைத்துப் பாறை உடைத்த ஆள். திரி அணைந்துவிட்டது என்று பக்கத்தாள் சொன்னதை நம்பிக் கிட்டே போனவர்கள் யாரும் பென்ஷன் வாங்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழே, ஜனவரி மாதக் கோடை வெயிலில், ஒரு பராகுவேக்காரன் வந்து உட்கார்ந்திருந்தான்.

பெயர் இசபெலினோ. கொத்தனார். கிழவரின் ஒரே மகள் நேலிதாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்திருக்கிறான். நாற்பது வயதுவரை எவனும் கேட்காத பெண்ணை இவன் மட்டும் ஏன் கேட்கிறான்? காலையில் வந்ததும் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கட்டுங்க, எவாரிஸ்தோ ஐயா. நூறு வருஷம் நிக்கும்."

பூனை உறியைப் பார்க்கிற பார்வை அது. கிழவர் மனதில் குறித்துக்கொண்டார்.

அடுப்படியில் வைத்து நேலிதா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். "அப்பா, அவரு ஊத்திக் கொடுக்கிறதை வாங்கிக் குடி. நான் கேக்குறது அது ஒண்ணுதான். குடிச்சா ரெண்டு பேரும் இங்கேயே உன்னோட இருக்கோம். நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்னு வை, நான் அவரோட ஊருக்குப் போயிடுவேன். அப்புறம் உன் சூப்பை நீயே வெச்சுக் குடி."

சுட்ட கறியைத் தின்று முடித்ததும் இசபெலினோ தன் பையைத் திறந்தான். மாட்டுக்கொம்பில் செய்த குவளை, அதில் உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல், சின்ன மர உரல், ஈரத்துணியில் சுற்றிய தழை, ஐஸ் மிதக்கும் ஜாடி.

"சுரைக்குடுக்கையில குடிக்க மாட்டீங்களோ?" என்றார் கிழவர்.

"எங்க ஊர்ல கொம்புதாங்க."

"கொம்பு மாட்டுக்கு இருக்க வேண்டியது." கிழவர் உரலைப் பார்த்தார். புதினாவோடு ஏதோ வேரையும் வைத்து நசுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டான் அவன். "அது என்ன வேரு?"

"ஒடம்புக்கு நல்லது."

"யாரு ஒடம்புக்கு?"

இலைத்தூள் அடைத்த கொம்பில் இசபெலினோ அந்தத் தண்ணீரை ஊற்றினான். கிழவருக்குச் சுருக்கென்றது. அவர் ஊரில் மாத்தே என்கிற இந்த இலைக் கஷாயம் உதடு சுட வேண்டும். ஆறிப்போன மாத்தேயை ஒருவனுக்கு நீட்டினால், எழுந்து போடா என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கே அவருடைய மாமியார் அப்படி ஒருதரம் நீட்டியிருக்கிறாள்.

"என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே எந்திரிச்சுப் போங்கிறியா?"

"ஐயோ, இல்லைங்க! எங்க பக்கம் விடியக்காலைலதான் சூடு. வெயில் ஏறிட்டா ஐஸ்தான். இந்தக் காங்கையில சுடுதண்ணி குடிச்சா மனுஷன் வெந்துபோவான்."

சொல்லிவிட்டுக் கொம்பை மேசைமேல் வைத்தான். குடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான்.

கிழவரின் கண் சுருங்கியது. ஊற்றுகிறவன் முதல் வாயைத் தானே குடிக்க வேண்டும். கசப்பும் தூசியும் அவனுக்கு. அவன் சாகவில்லை என்று பார்த்த பிறகு மற்றவர்களுக்கு. உலகத்தில் உள்ள வழக்கம் அதுதானே?

"நீ ஏன்டா குடிக்கலை?"

"முதல் வாய் புனித தோமாவுக்குங்க. அதை யாரும் குடிக்க மாட்டோம்."

"தோமாவா? ஆண்டவரோட காயத்துல விரலை விட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னாரே, அவரா?" கிழவர் குனிந்து கொம்புக்குள் பார்த்தார். தண்ணீர் இல்லை. "எங்கடா போச்சு?"

"இலை இழுத்துக்கிச்சு."

"தோமாவுக்குன்னே. இப்ப இலைங்கிறே."

இசபெலினோ மறுபடி ஊற்றி, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினான். கிழவர் வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் கவிழ்த்து, காலடியில் கிடந்த நாயிடம் நீட்டினார். நாய் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா, நாயே வேண்டாங்குது."

"அது உன் மாத்தேயையும்தான் குடிக்காது," என்றாள் அடுப்படி வாசலில் நின்ற நேலிதா.

கிழவர் கொம்பை அவனிடமே தள்ளினார். "முதல்ல நீ குடி."

இசபெலினோவின் முகம் செத்துப்போனது. "பெரியவங்க இருக்கும்போது நானா? எங்கம்மா கேட்டா செருப்பைக் கழட்டுவாங்க." கொம்பைக் கையில் பிடித்தபடியே சொன்னான். "காலைல உங்க மாத்தேயை நீங்களே முதல்ல குடிச்சீங்க. வந்தவனுக்குக் கொடுக்காம என்ன இதுன்னு எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா கேக்கலை. கொடுத்தப்போ வாங்கிக் குடிச்சேன்."

அந்தக் குடுக்கையை அவன் தயங்கி வாங்கியது கிழவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. களவாணி முழி என்றல்லவா நினைத்திருந்தார்!

நேலிதா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து, மடித்து, ஆணியில் மாட்டினாள். அவள் அம்மாவும் சண்டை போடமாட்டாள். இப்படித்தான் துணியை மடிப்பாள். எந்தத் திரி அணைந்தது, எது இன்னும் எரிகிறது என்று கிழவருக்குத் தெரியும்.

வெடுக்கென்று கொம்பைப் பிடுங்கிக் குழலை வாயில் வைத்தார். குவாரியில் வேர்த்து வழிந்த நாளெல்லாம் எங்கே போயிருந்தது இந்தக் குளிர்ச்சி? தொண்டையில் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. அடியில் கொரகொரவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார். சாகவில்லை.

கொம்பைத் திருப்பிக் கொடுத்தார். போதும் என்றால் கொடுக்கும்போது நன்றி சொல்ல வேண்டும். அது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இசபெலினோ ஜாடியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். கிழவர் வாயைத் திறக்கவில்லை. அவன் ஊற்றினான். அதுவும் தீர்ந்தது.

"என்னமோ போட்டிருக்கான்," என்றார் நாயிடம். "இல்லாட்டி நாக்கு இன்னொண்ணு எதுக்குக் கேக்குது?"

நேலிதா ஆணியிலிருந்து துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கிழவர் கொம்பை அவனிடம் மறுபடி நீட்டினார், நன்றி சொல்லாமலே.

"ஊத்து. ஆனா சுவத்தை இனிமே தட்டாதே."