நண்டு விற்றுக்கொண்டிருந்தவள்

…வலது காலால் நண்டின் முதுகை மெல்ல மிதித்துக்கொண்டு ஓலை நாரால் அதன் கொடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள் திரேசம்மா, என் பெண்சாதி, கை நண்டில், கண் என்னில், பிரான்சில நண்டு இருக்குமோ என்று கேட்டாள், போய்ப் பாத்து எழுதுறன் என்றேன், நீங்கள் எழுதிக் கிழிச்சியள் என்று சிரித்து மற்றக் கொடுக்கையும் இறுக்கினாள், குருநகர்க் கரை, எண்பத்தாறாம் வருஷம், வெயில் அப்போதுதான் ஏறுகிறது, இப்போதும் ஏறிக்கொண்டே இருக்கிறது, பாரிசில் தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் இந்த வகுப்பறைக்கு ஜன்னல்கூட இல்லை, ஆனாலும் அதே வெயில், கரும்பலகையில், பிரெஞ்சு படிப்பிக்கிற மதாம் ஜோசியான் ஒரு வினைச்சொல்லின் வாலை நறுக்குகிறாள்.

நறுக்குவது எனக்கு விளங்கும், நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான், இங்கே வந்து முப்பது வருஷம் உணவகத்துப் பின்கட்டில் கோப்பை கழுவினேன், அங்கே பிரெஞ்சு தேவைப்படவில்லை, இப்போது எழுபத்தாறு வயதில் கொப்பியோடு இருக்கிறேன், நாங்கள் விற்கிறோம் என்பதற்கு நூ வாந்தோன் என்கிறார்கள், அதில் ஓன் என்ற வாலை வெட்டி எறி, மிச்ச உடம்பில் ஏ என்று ஒட்டு, எல் வாந்தே, அவள் விற்றுக்கொண்டிருந்தாள், நான் என்றாலும் அவள் என்றாலும் அவர்கள் என்றாலும் எழுத்தில் வேறு வேறு வால், வாயில் அதே ஏ, எனக்கு எழுத்து வேண்டாம், எழுத்தை நம்பிக் கெட்டவன், வாய் போதும். இது முடிந்துபோனதைச் சொல்லாது, நடந்துகொண்டே இருந்ததைச் சொல்லும் என்றாள் மதாம், நான் கொப்பியை மூடிவிட்டேன், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை எதிர்காலம் படிப்போம் என்றபோது வேண்டாம் மதாம், எனக்கு அங்கே வேலையில்லை என்றேன், அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை, சிரிக்கிறவர்களையும் அழுகிறவர்களையும் நான் நம்புவதில்லை, எனக்காக அழுத ஒருவரைத் தெரியும்.

அகதிக் கேஸ் விசாரித்த அதிகாரி அவர், நல்ல மனிதர்தான், மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் அருளம்பலம் மாஸ்டர், ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே எங்கள் ஆட்களுக்கெல்லாம் கேஸ் எழுதுகிறவர், நாங்கள் தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்கிறவரும் அவர்தான், நீர் கனக்கக் கதையாதையும், இதில கையெழுத்தை வையும், மிச்சத்தை நான் பாக்கிறன் என்றவர், மனிசி ஊரில நண்டு வித்துக்கொண்டு எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறா என்று நான் நாலு சொல் சொன்னேன், மாஸ்டர் ஒரு பக்கம் சொன்னார், அதிகாரி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்தார், வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்தேனே, மடையன், உயிரோடு இருந்தவளுக்கு அவர் அழுதிருக்கிறார், மாஸ்டரின் எழுத்தில் திரேசம்மா ஷெல் விழுந்து செத்துப்போயிருந்தாள், விசா வந்தது, அவளைக் கூப்பிட எழுதிப்போட்டபோது செத்தவளை எப்படி ஐயா கூப்பிடுவது என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது, மாஸ்டர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ பேப்பர் பிழையாம், பிறகு பாப்பம் என்றார், பிறகு என்பது ஏழு வருஷம், மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், பேப்பர் சரிவந்திட்டுதோ, அங்க நண்டு இருக்கோ, எங்கும் கிளம்பாமல் இருந்தவள் தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது நடந்து போனாள், போன இடத்தில் மலேரியா, அகதிக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு எனக்கு ஊருக்குப் போக முடியாது, புதைத்த இடத்தின் படம்தான் வந்தது.

அதற்கும் பிறகுதான், கீழ்வீட்டு ரஜினாவின் மகள், இங்கே பிறந்தவள், என் பழைய அகதிக் கேஸ் பேப்பர்களைப் பார்த்து, தாத்தா, அம்மம்மா எண்பத்தஞ்சிலயே செத்திட்டா எண்டெல்லோ கிடக்கு என்றாள். மாஸ்டர் வீட்டுக்குப் போனேன், உள்ளே விடவில்லை, கதவைப் பாதி பிடித்துக்கொண்டே, அந்தக் கதையாலதானே ஐசே உமக்கு விசா வந்தது, நன்றி இல்லாமக் கதையாதையும், எல்லாருக்கும் அப்பிடித்தானே எழுதினனான் என்றார், எல்லாருக்கும். கத்தியை எடுத்திருக்கலாம், மீன் வெட்டின கை, ஆனால் அவரைச் செத்தவராக்கினால் அவருக்கு மாலை போட்டுவிடுவார்கள், பொறுத்தேன், பத்தொன்பது வருஷம்.

இப்போது மாலை போடுகிறார்கள், மாஸ்டருக்கு எண்பதாவது பிறந்தநாளாம், மண்டபம் நிறைந்த சனம், தோளில் மூவர்ணப் பட்டியோடு துணை மேயர் அம்மா, விழா நடத்துகிற குகதாஸ் முன்வரிசைக்கு வந்து, ஐயா, மாஸ்டரால வாழ்ந்த ஆள் நீங்கள், ரெண்டு சொல்லுக் கதையுங்கோ, தமிழிலயே கதையுங்கோ, அவரே பிரெஞ்சில சொல்லுவார் என்கிறான், எனக்குத் தெரியும், எந்த மேடையிலும் மாஸ்டர்தான் சொல்வார், அதற்காகத்தானே இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த அடிநில வகுப்பில் இருந்தேன், மேடை ஏறினேன், மாஸ்டர் பழக்கத்தில் என் பக்கத்தில் வந்து தன் ஒலிவாங்கியோடு நிற்கிறார், அந்த அதிகாரியின் மேசையில் இருந்ததுபோலவே, நான் துணை மேயரைப் பார்த்துச் சொன்னேன், மா ஃபாம் விவே, எல் வாந்தே தே க்ராப், எல் மதாந்தே, என் மனைவி உயிரோடு இருந்தாள், நண்டு விற்றுக்கொண்டிருந்தாள், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், பிறகு மாஸ்டரைக் கைகாட்டினேன், அவள் செத்தாள் என்று இவர் எழுதிக்கொண்டிருந்தார், இல் சவே, இவருக்குத் தெரிந்திருந்தது. துணை மேயர் அம்மாவின் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து சனம், என்னவாம், என்னவாம், மாஸ்டர் தமிழில சொல்லுங்கோவன் என்று கத்துகிறது, சொல்லுங்கோ மாஸ்டர், இந்த முறை நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ என்றேன், அவர் வாய் திறந்தது, இவற்ர மனிசி, என்றார், உயிரோட, என்றார், மூன்றாம் வரிசையில் தாடி நரைத்த ஒருவர் எழும்பினார், மாஸ்டர், என்ர மனிசியையும் அப்பிடியோ எழுதினனீர், அவவையும் கூப்பிட ஏலாமல்தானே போனது, அவருக்குப் பின்னால் இன்னொருவர், சுவரோரம் இன்னொருவர், குகதாஸ் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நிற்கிறான், மாஸ்டர் என்னைப் பார்த்து, தயவு செய்து என்றார், தமிழில்தான், எனக்குச் சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன், படியிறங்கி வந்தேன், மண்டபத்துக்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, திரேசம்மா குந்தியிருந்தாள், வலது காலைத் தூக்கினாள், கொடுக்கில் கட்டியிருந்த நாரை அவிழ்த்தாள், நண்டு மேடையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.