நெடிலுக்கு இரண்டு சொடுக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒரு பெண் எதையோ முணுமுணுத்தபடி விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தார். ஒரு சொடுக்கு. அப்புறம் இரண்டு. பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், "ஷிப்… ஷீப்" என்கிறார். கப்பலுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் தன்—'

வேண்டாம். மழையைக் கூட்டிவந்தால் குடைக்கு எங்கே போவது?

இரண்டாவது: அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில், படுக்கைத் துணிகளைத் துவைக்கும் பிரிவில் ராத்திரி வேலை பார்ப்பவள். கணவன் பகலில் பஸ் ஓட்டுபவன். காலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில் பாதி, "கேஸை மூடிட்டியா", "பால் அடுப்புல இருக்கு" என்பதுதான். இப்போது ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் ஒரு பகல் வேலை காலியாக இருக்கிறது. நோயாளிகளை மைக்கில் ஆங்கிலத்தில் கூப்பிட வேண்டும். அதற்கு ஒரு குரல் பரீட்சை உண்டு. தேறிவிட்டால் புருஷனோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

சொல்லிக்கொடுப்பவள் நாத்தனார். போனில் ஆங்கிலம் பேசியே சம்பளம் வாங்குகிறவள். இருவரும் சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணி, அதென்ன கையில சொடக்கு போட்டுக்கிட்டு?"

"குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு. ஸ்கூல்ல படிச்சதுதானே? ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரை."

[அடிக்குறிப்பு போட இடமில்லை, இங்கேயே சொல்கிறேன்: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. ஆஸ்பத்திரிக் கதை என்பதால் விழுங்குகிற மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள்.]

"அது தமிழுக்கு, அண்ணி. இங்கிலீஷ்ல நீட்டினா மட்டும் பத்தாது. வாயே மாறணும். 'ஷிப்'புக்கு வாயைத் தளர விடுங்க. 'ஷீப்'புக்குச் சிரிக்கிற மாதிரி இழுங்க."

"சீக்காளியைச் சிரிச்சுக்கிட்டா கூப்பிடுவாங்க?"

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணிக்கோ அழுகை வந்தது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு இது வராது. விட்டுடு."

"வரும் அண்ணி. அண்ணன் தினமும் என்கிட்ட கேக்குறார், எப்படிப் போகுதுன்னு."

"உன்கிட்டயா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"உங்களை எப்பப் பார்த்தார், கேக்கறதுக்கு?"

அவள் கண்ணாடியை மறுபடி நிமிர்த்தினாள்.

4

இந்த இடத்தில் எனக்கே குழப்பம். 'பேட்' என்று எழுதுகிறேன். மோசம் என்று பொருள்படும் அந்தச் சொல்லில் இருப்பது ஏயும் இல்லை, ஆவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ வாய் மாட்டிக்கொள்கிறது. குறில் என்கிறார்கள், நீளமாகக் கேட்கிறது. நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்தேன். பிறகு நானும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

எழுதவே தெரியாத சத்தத்தை அவள் வாயில் நான் எப்படி வைப்பேன்? அவள் சரியாகச் சொன்னாளா என்பதும் எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்கலாமா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை, அவ்வளவுதான்.

5

பரீட்சை நாள். வரவேற்புக் கூடம் நிறைய நாற்காலிகள். மூன்றாவது வரிசையில் கணவன், வேலைக்குக் கிளம்பியதுபோல் காக்கிச் சட்டையோடு. லீவு போட்டிருக்கிறான், அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நாத்தனார்.

கண்ணாடி அறைக்குள் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். மைக்கின் அடியில் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டே இருந்தால்தான் குரல் வெளியே போகும். வலது கையால் அழுத்தினாள். இடது கையில் தாள். சொடுக்குவதற்குக் கையே இல்லை.

எது குறில், எது நெடில், எதற்கு வாய் தளரும், எதற்கு இழுக்கும், எல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. பொத்தானை விட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. [ஓடவிட்டும் ஒரு தடவை எழுதினேன். அவள் போகவில்லை.]

வாசித்தாள்.

கூடம் முழுக்கக் குரல் கேட்டது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இரண்டு இடத்தில் சந்தேகம். மூன்றாகவும் இருக்கலாம்.

"சரியாச் சொன்னாளா?" என்றான் அண்ணன்.

"தெரியல. நீங்க சொல்லுங்க."

"என்னைக் கேக்காத. பட்டப்பகல்ல அவ இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல."

6

முடிவு ஒன்று: மேலாளர் சிரித்தபடி எழுந்து— ரொம்ப இனிப்பு.

முடிவு இரண்டு: 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று— இதை எழுதக் கை வரவில்லை.

நீங்களும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் வாசித்ததை உங்கள் காதால்தான் கேட்டீர்கள், எனக்கு அது கேட்கவே இல்லை. ஆகவே மார்க் நீங்களே போடுங்கள். தேறினாள் என்றால் பிரச்சினை இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தேறவில்லை என்றால், அவன் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறான், போய் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன்.