ஐந்தும் ஆறும்

அப்பா கடைத்தெருவில் முதல் செருப்புக்கடையைத் திறந்தது அவருடைய தங்கையின் கால்களுக்காக. என் அத்தைக்கு இடது கால் ஐந்தாம் அளவு, வலது கால் ஆறு. ஜோடியைக் கலைத்துத் தர எந்தக் கடைக்காரனும் சம்மதிக்கவில்லை. "பெருசா வாங்கி, சின்னக் காலுக்குப் பஞ்சு வெச்சுக்கோம்மா" என்று ஒருவன் சிரித்தானாம். அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உனக்குன்னே ஒரு கடை போடுறேன் பாரு" என்று வீம்புக்குச் சொன்னவர், போட்டும் விட்டார்.

கூரை வரை அட்டைப்பெட்டிகள், சாய்த்து வைத்த ஏணி, தரையோரமாக ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். புதுத் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை எங்கேயாவது வந்தால் நான் இன்றும் நின்றுவிடுகிறேன். அப்பா முக்காலியில் உட்கார்ந்து, வருபவர் காலைத் தன் மடியில் வைத்து மாட்டி, கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். சரியாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வரவே வராது. "நடந்து பாருங்க" என்பார். வாசல் வரை போய்த் திரும்பிய பிறகுதான் பில். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, "எதுக்கும் கொஞ்ச நாள் நடந்து பாரு" என்றுதான் சொன்னார்.

அத்தை கல்லாவில் இருந்தாள். கால் இரண்டும் மேஜைக்கு அடியில். வாடிக்கையாளர் முன்னால் எழுந்து வரவே மாட்டாள், அவ்வளவு ரோஷம். அவளுக்காகக் கலைத்த ஜோடிகளின் மிச்சமெல்லாம் பரணில் ஏறின.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். இடது ஆறு, வலது ஐந்து! அப்பா காலை அளந்துவிட்டு, ஏணியில் குரங்கு மாதிரி ஏறினார். அன்றிலிருந்து டீச்சர் வந்து பிடித்ததை எடுப்பார், மிச்சம் அத்தைக்கு. "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதண்ணா" என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டீச்சருக்குப் பளிச்சென்ற நிறங்கள்தான் பிடிக்கும். அத்தையும் சிவப்பிலும் மஞ்சளிலும் வாய் திறக்காமல் நடந்தாள். அவளுக்கு அதுதான் இஷ்டம் என்று நினைத்து, குடையிலிருந்து கைப்பை வரை எல்லாவற்றையும் நாங்கள் சிவப்பிலேயே வாங்கிக் கொடுத்தோம்.

கடை வளர்ந்தது. பெரிய தெரு என்று ஒன்று இருந்தால் அதில் எங்கள் பலகையும் இருந்தது. பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. பிறகு என் அண்ணன் கைக்குப் பொறுப்பு போனது. முக்காலிகளைத் தூக்கினான், கம்பளம் விரித்தான், பெட்டியை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்றான். காலைத் தொடாமல் செருப்பு விற்கிறானாம்! ஜோடி கலைக்கக் கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் உத்தரவு வேறு.

"உங்கப்பா கடை போட்டதே கலைக்கத்தான்டா" என்றாள் அத்தை. முதல் கடையில் மட்டும் அவன் பருப்பு வேகவில்லை.

அப்புறம் ஜனங்கள் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் போனில் வாங்க ஆரம்பித்தார்கள். கிளைகள் ஒவ்வொன்றாக மூடின. அண்ணன் பாதியாக இளைத்தான். திட்டிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகிவிட்டது. நல்லவேளை, அப்பா இதையெல்லாம் பார்க்க இல்லை. கடைசியில் முதல் கடைதான் மிஞ்சியது. அதற்கும் நாள் குறித்தாயிற்று.

அந்தக் கடைசி வாரம் முழுக்க அத்தைக்கு ஒரே கவலை, டீச்சர் வரவில்லையே என்று. வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. அளவுதான் தெரியும். ஒரே மாதிரியான இரண்டு சிவப்பு ஜோடிகளை, ஐந்தில் ஒன்றும் ஆறில் ஒன்றுமாக, அத்தை கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினான். "அத்தே, போதும். கிளம்புங்க."

"இருடா. அவளுக்கும் வேற கடை இல்ல, எனக்கும் இல்ல. அவள விட்டா நான் எங்கடா போவேன்?" குரல் உடைந்தது.

ஷட்டருக்கு அடியில் ஒரு கைத்தடி நுழைந்தது. பின்னால் குனிந்தபடி டீச்சர். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"மூடுறீங்களாமே! கேள்விப்பட்டதும் ஓடி வந்தேன்."

நான் மூலையில் கிடந்த பழைய முக்காலியை இழுத்துப்போட்டு, அந்தச் சிவப்பை மாட்டிவிட்டேன். டீச்சர் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்மா. எனக்காக இத்தன வருஷமா ஜோடியக் கலைச்சீங்களே, மிச்சத்த என்ன பண்ணீங்க? பாவம், என்னால நஷ்டம்னு மனசு அடிச்சுக்கும்."

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் குனிந்து மிச்சத்தைத் தன் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கல்லாவை விட்டு எழுந்து வந்து, கண்ணாடி முன்னால் டீச்சர் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியில் நான்கு கால்கள், நான்கிலும் அதே சிவப்பு.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களா?"

"நான்தான்."

டீச்சர் அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் முட்டியது. அண்ணன் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்குக் கறுப்புதான் பிடிக்கும்" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை சிவப்புக் குடைகள்!

"அடக் கடவுளே! மொதல்லயே சொல்றதுக்கென்ன?" டீச்சர் சிரித்தார். "அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கு. ரெண்டு ஜோடியா வாங்கி நாமே கலைச்சுக்கலாம். கறுப்பே எடுப்போம்."

"மொதல்ல இத நடந்து பாருங்க" என்றாள் அத்தை, அப்பா குரலில்.

வாசல் வரை போய்த் திரும்புவதுதான் எங்கள் கடை வழக்கம். கைகோத்தபடி போன அவர்கள் இருவரும் திரும்பவில்லை.